அரோபா: ஓர் எடையளவின் பூர்வீகம்

ஸ்பானியர் பல நூற்றாண்டுகள் வழங்கிய எடையளவுகளுள் ஒன்று அரோபா. காஸ்தீல் நாட்டில் அது 25 இறாத்தல். இக்காலக் கணக்கில் ஏறக்குறைய 11½ கிலோகிராம். நாலில் ஒன்று எனப் பொருள்படும் 'அர்-ருபு' என்னும் அரபுச் சொல்லே அதன் மூலம்.

எதில் நாலில் ஒன்று? 100 இறாத்தல் கொண்ட கிந்தாலில். நம் சந்தைகளில் குவிண்டால் என வழங்குவதும் இச்சொல்லே. இதுவும் அரபியரின் 'கிந்தார்' வழியாக வந்ததாயினும், அதன் வேர் நூறு சார்ந்த ஓர் இலத்தீன் சொல். உரோமரின் சொல் கிழக்கே சென்று, அரபு உடை தரித்து மேற்கே மீண்டது எனலாம்.

எபிரெயம் பயில்வோர் இங்குச் சற்றே நிற்பது நன்று. சவுலின் வேலைக்காரன் வைத்திருந்த கால் சேக்கலைக் குறிக்கும் 'ரெபா' (1 சாமு. 9:8) அர்-ருபுவோடு ஒரே வேரினது.

711-ல் ஸ்பெயினுள் புகுந்த இஸ்லாமிய ஆட்சி 1492-ல் கிரானடாவில் முடிவுற்றது. 1567-ல் அங்கு அரபு மொழியே தடைசெய்யப்பட்டது. 1609 முதல் 1614 வரை, ஞானஸ்நானம் பெற்றிருந்த மொரிஸ்கோ மக்களும் நாடுகடத்தப்பட்டனர். அவர்தம் ஞானஸ்நானத்தை ஐயுற்ற அரசு, அவர்தம் முன்னோரின் நிறைகல்லை ஐயுறவில்லை. திருச்சபை வரலாறு கற்பிக்கும் நாம் இதைக் கவனியாது கடத்தலாகாது.

1849-ஆம் ஆண்டுச் சட்டம் மெட்ரிக் முறையைக் கொணர்ந்தது. எனினும் மின்னஞ்சல் முகவரியின் இடையே வரும் குறியை ஸ்பானியர் இன்றும் அரோபா என்றே அழைக்கின்றனர்.