எண்ணெய் இல்லாத விளக்கு



மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரத்தில் பத்துத் தோழியர் உவமையை வாசிக்கிறோம. மணமகன் வரக் காலம் தாழ்ந்தபோது பத்துப் பேருமே தூங்கிவிட்டார்கள். பத்துப் பேரிடமும் விளக்கு இருந்தது. மணமகன் வருவார் என்பதும் பத்துப் பேருக்கும் தெரியும். ஆனால் ஐந்து பேரிடம் மட்டுமே எண்ணெய் இருந்தது. ஆக, தெரிந்திருப்பது வேறு, ஆயத்தமாய் இருப்பது வேறு. இந்த வேறுபாட்டை நம் கம்பம் பள்ளத்தாக்கின் வரலாறே நமக்குக் கற்றுத் தருகிறது.

மலைக்கு அந்தப் பக்கம் பெரியாறு வெள்ளமாய் ஓடி அரபிக் கடலில் கலந்தது. இந்தப் பக்கம் மதுரைச் சீமை மழைக்காக வானத்தைப் பார்த்துக் கிடந்தது. அந்தத் தண்ணீரைக் கிழக்கே திருப்பலாம் என்ற எண்ணம் புதியதல்ல. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இராமநாதபுரம் சமஸ்தானத்தின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை ஆட்களை அனுப்பி மலையை ஆராயச் செய்தார். பணம் இல்லாமல் அது நின்றுபோனது. 1808இல் ஜேம்ஸ் கால்டுவெல் என்ற ஆங்கில அதிகாரி இது நடக்காத காரியம் என்று எழுதிவிட்டார். 1867இல் மேஜர் ரைவ்ஸ் ஒரு திட்டத்தைத் தீட்டினார். அதுவும் காகிதத்திலேயே இருந்தது.

1876இல் பஞ்சம் வந்தது. தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் நடுங்கிச் சொன்ன பஞ்சம் அது. சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கான மக்கள் மடிந்தார்கள். திட்டம் இருந்தது, ஆனால் வாய்க்காலில் தண்ணீர் இல்லை. விளக்கு இருந்தது, எண்ணெய் இல்லை.

அதன் பிறகே வேலை வேகம் பிடித்தது. 1886இல் திருவிதாங்கூரோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. 1887இல் கர்னல் பென்னிகுவிக் பணியைத் தொடங்கினார். கட்டியதை வெள்ளம் அடித்துச் சென்றது. காட்டுக் காய்ச்சல் தொழிலாளர் பலரின் உயிரைக் குடித்தது. அவர்களது கல்லறைகள் இன்றும் அந்த மலையில் இருக்கின்றன. இருந்தும் மீண்டும் கட்டினார்கள். மலையைக் குடைந்து சுரங்கமும் அமைத்தார்கள். 1895 அக்டோபரில் அணை திறக்கப்பட்டது. முத்திருளப்ப பிள்ளையின் முயற்சியிலிருந்து எண்ணினால் ஏறத்தாழ நூறு ஆண்டுகள்!

அன்பார்ந்தவர்களே, நாமும் நல்ல திட்டங்களை எழுதி வைத்திருக்கிறோம். அண்ணனோடு மடைத் தண்ணீருக்காகப் பேச்சை முறித்துக்கொண்டவர், அடுத்த திருவிழாவுக்குள் போய்ப் பேசிவிடலாம் என்று இருக்கிறார். ஒப்புரவு அருட்சாதனம் பெற்றுப் பல ஆண்டுகள் ஆனவர், பெரிய வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். குடியை விட வேண்டும் என்று ஒவ்வொரு புத்தாண்டிலும் தீர்மானம் எடுக்கிறவரும் உண்டு. இவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்லர். செய்ய வேண்டியது என்னவென்று இவர்களுக்குத் தெரியும். அந்த ஐந்து தோழியருக்கும் தெரியும்.

விழிப்பாய் இருப்பது என்றால் பயந்து நடுங்கிக்கொண்டிருப்பது அல்ல. நம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. முதல் போகத்துக்கு ஜூன் முதல் நாள் தண்ணீர் திறப்பது வழக்கம். மழை பிந்தினால் அந்த நாளும் தள்ளிப்போகும். தண்ணீர் வரும் நாளை விவசாயி முடிவு செய்வதில்லை. ஆனால் வாய்க்காலைத் தூர்வாரி, வரப்பைச் செதுக்கி, விதைநெல்லை எடுத்து வைத்திருப்பது அவர் கையில் இருக்கிறது. தூர்வாராத வாய்க்காலில் தண்ணீர் வந்தாலும் கடைமடைக்குப் போய்ச் சேராது.

ஆண்டவர் வரும் நாளும் நம் கையில் இல்லை. அவர் வருவது நமக்கு வாழ்வு தரவே. அவரது அருள் நம் வீட்டுக் கடைசி மனிதர்வரை பாய வேண்டுமானால், அடைத்துக் கிடக்கும் மண்ணை இப்போதே அள்ள வேண்டும். பேசாதிருக்கும் அண்ணன் வீட்டுக்கு இன்று மாலையே போங்கள். வருகிற சனிக்கிழமை பங்குத்தந்தையிடம் ஒப்புரவுக்கு வாருங்கள்.

ஆண்டவரே, நீர் வரும் வேளையில் எங்கள் விளக்குகள் எரிந்துகொண்டிருக்க அருள்தாரும். ஆமென்.