உலோகமும் பெயரும்: கிழக்கிந்தியக் கம்பெனியின் போர்ப் பதக்கங்களும் சென்னைச் சிப்பாய்களும்

ஆய்வுச் சுருக்கம்

கிழக்கிந்தியக் கம்பெனி தன் இந்தியச் சிப்பாய்களுக்கு வழங்கிய போர்ப் பதக்கங்கள் நாணயவியலாளராலும் சேகரிப்பாளராலும் பெரிதும் பேசப்பட்டவை. எனினும், அவை தென்னிந்தியப் படைவீரர் வரலாற்றுக்குரிய சான்றுகளாகப் போதிய அளவு பயன்படுத்தப்படவில்லை. 1784 முதல் 1851 வரையிலான பதக்கங்களுள் சிலவற்றை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. பதக்கத்தின் உலோகம் பெறுநரின் படிநிலையைச் சொல்கிறது. விளிம்பில் பொறிக்கப்படும் பெயர் பெறுநரையே சொல்கிறது. கம்பெனியின் தொடக்ககாலப் பதக்கங்களில் முதலாவது உண்டு, இரண்டாவது இல்லை. இந்த இன்மை சிப்பாய் வரலாற்றையும் பிற்காலப் பதக்கச் சந்தையையும் எவ்வாறு பாதித்தது என்பது இங்கு ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: போர்ப் பதக்கம், சீரங்கப்பட்டணம், சென்னைப் படை, சிப்பாய், வேலூர்ப் புரட்சி, நாணயவியல், சேகரிப்பு.

முன்னுரை

போரில் பங்குகொண்ட அனைவருக்கும் பதக்கம் அளிக்கும் வழக்கம் ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் பரவலாயிற்று. நெப்போலியனை வென்ற வாட்டர்லூப் போருக்காக 1816-இல் வழங்கப்பட்ட பதக்கமே பிரிட்டிஷ் அரசு கடைநிலை வீரர் வரை அனைவர்க்கும் அளித்த முதற் பதக்கமாகக் கருதப்படுகிறது. ஆனால் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இந்தியாவில் ஒரு வணிகக் கம்பெனி தன் சிப்பாய்களுக்குப் பதக்கம் வழங்கத் தொடங்கிவிட்டது.

இம்முந்துரிமைக்குக் காரணம் தேடுவது கடினமன்று. கம்பெனியின் படைபலம் இந்தியச் சிப்பாய்களை நம்பியிருந்தது. அவர்களுடைய பற்றுதலைக் கூலியால் மட்டும் நிலைநிறுத்த இயலாது என்பதைக் கம்பெனி உணர்ந்திருந்தது. அரசர் கையால் கடகமும் பதக்கமும் பட்டும் பெறுவதை மதிப்பின் அடையாளமாகக் கொண்ட சமூகத்தில், பதக்கம் எளிதில் பொருள் விளங்கும் பரிசாயிற்று. கம்பெனி என்னும் வணிக நிறுவனம் அரசரின் இடத்தில் அமர்ந்துகொள்ளவும் அது உதவிற்று.

தொடக்ககாலப் பதக்கங்கள்

1784-ஆம் ஆண்டைய தக்காணப் பதக்கம் இவ்வரிசையில் முதலாவது. குஜராத்திலும் கர்நாடகப் பகுதியிலும் போரிட்ட வங்காளப் படைப் பிரிவுகளின் இந்திய வீரர்க்கு அது வழங்கப்பட்டது. தகுதிக்கேற்பப் பொன்னிலும் வெள்ளியிலும், அளவில் பெரிதாகவும் சிறிதாகவும் அது அமைந்தது. கழுத்தில் கயிற்றால் அணியப்பட்டது. அதில் பாரசீக வாசகம் உண்டு. பெறுநர் பெயர் இல்லை.

திப்பு சுல்தானுக்கு எதிரான 1790–92-ஆம் ஆண்டுப் போருக்கான மைசூர்ப் பதக்கத்தில் ஒரு சிப்பாயின் உருவமே பொறிக்கப்பட்டிருப்பது குறிப்பிடத்தக்கது. பிரிட்டிஷ் கொடியை ஏந்தி அவர் நிற்கிறார். பின்னணியில் கோட்டை தெரிகிறது. சிப்பாய்க்குச் சிப்பாயின் உருவத்தையே கம்பெனி பரிசளித்தது. ஆனால் அவ்வுருவம் எவருடையதும் அன்று. முகம் உண்டு, பெயர் இல்லை. பின்வந்த அரை நூற்றாண்டுக்கும் இக்குறிப்பு பொருந்தும்.

சீரங்கப்பட்டணப் பதக்கம்: ஐந்து உலோகங்கள்

1799 பிப்ரவரியில் ஜெனரல் ஹாரிஸ் தலைமையிலான சென்னைப் படை வேலூரிலிருந்து மைசூர் நோக்கிப் புறப்பட்டது. மே 4-ஆம் நாள் சீரங்கப்பட்டணக் கோட்டை வீழ்ந்தது. திப்பு போரில் மடிந்தார். இவ்வெற்றியின் நினைவாக எழுந்த பதக்கம் பர்மிங்காம் அருகே மேத்யூ போல்டனுக்கு உரியதாயிருந்த சோஹோ நாணயச்சாலையில் அடிக்கப்பட்டது. அதன் முத்திரை அச்சைச் செதுக்கியவர் கியூக்லர் என்னும் செருமானியக் கலைஞர். 1803, 1808 ஆகிய ஆண்டுகளில் சென்னை மாகாணத்துக்கான செப்புக் காசுகளை அடித்ததும் இதே நாணயச்சாலைதான். தமிழ்நாட்டுச் சந்தைகளில் புழங்கிய காசும் சிப்பாயின் கைக்கு வந்த பதக்கமும் ஒரே ஆலையில் பிறந்தவை.

ஏறத்தாழ 48 மில்லிமீட்டர் விட்டமுள்ள இப்பதக்கத்தின் ஒரு பக்கத்தில் கோட்டைமதிலின் உடைப்பின் வழியே படை ஏறும் காட்சியும் உச்சிவேளைக் கதிரவனும் பாரசீக வாசகமும் உள்ளன. மறுபக்கத்தில் பிரிட்டிஷ் சிங்கம் மைசூர்ப் புலியை வீழ்த்துகிறது. மேலே பறக்கும் கொடியில் ‘அசதுல்லாஹில் காலிப்’, அதாவது ‘இறைவனின் சிங்கமே வெற்றியாளர்’ எனப் பொருள்படும் அரபுத் தொடர் காணப்படுகிறது. இத்தொடர் கம்பெனியின் படைப்பு அன்று. திப்புவின் படைக்கலங்களில் புலிமுக வடிவில் எழுதப்பட்டிருந்த அவருடைய முத்திரைத் தொடரே அது. தோற்றவரின் வாசகத்தை வென்றவர் தம் சிங்கத்துக்குச் சூட்டிக்கொண்டனர். பட்டணத்தைக் கைப்பற்றியதுடன் அதன் மொழியையும் கைப்பற்றிய செயலாக இதனைக் கொள்ளலாம்.

வடிவம் அனைவர்க்கும் ஒன்றே; உலோகம் வேறு. உயர்தளபதிகளுக்குப் பொன், கர்னல், மேஜர் நிலையினர்க்குப் பொன்முலாம் பூசிய வெள்ளி, கேப்டன் முதலிய இளநிலை அதிகாரிகளுக்கு வெள்ளி, ஆணைபெறாத அலுவலர்க்கு வெண்கலம், கடைநிலை வீரர்க்கும் சிப்பாய்களுக்கும் வெள்ளீயம். நாணயவியல் நூல்கள் தரும் கணக்கின்படி வெண்கலத்தில் ஏறத்தாழ 5,000 பதக்கங்களும் வெள்ளீயத்தில் ஏறத்தாழ 45,000 பதக்கங்களும் அடிக்கப்பட்டன. வங்காளப் படைப் பிரிவினர்க்கெனக் கல்கத்தாவில் தனியே சற்றுச் சிறிய பதக்கம் அடிக்கப்பட்டது. அது பொன்னிலும் வெள்ளியிலும் மட்டுமே அமைந்தது. ஒரே கோட்டையை ஒரே நாளில் கைப்பற்றிய படைகளுக்குள் மாகாண வேறுபாடும் உலோகத்தில் பதிந்தது.

போர்க்கொள்ளைப் பங்கீட்டோடு ஒப்பிட்டால் இப்படிநிலை மேலும் தெளிவாகும். ஹாரிஸ் பெற்ற பங்கு ஏறத்தாழ 1,43,000 பவுன். ஆர்தர் வெல்லெஸ்லி பெற்றது ஏறத்தாழ 4,000 பவுன். ஐரோப்பியப் படைவீரர் ஒருவருக்கு ஏறத்தாழ 7 பவுன். சிப்பாய்க்கு ஏறத்தாழ 5 பவுன். பணப் பங்கீட்டில் ஐரோப்பிய வீரருக்கும் சிப்பாய்க்கும் இடையே இருந்த வேறுபாடு வெள்ளீயப் பதக்கத்தில் இல்லை. இருவரும் கடைசிப் படியில் ஒன்றாகவே நின்றனர்.

வேலூர் என்னும் இடைநிகழ்வு

சோஹோப் பதக்கங்கள் 1808-இல்தான் பெறுநர்களைச் சென்றடைந்தன. கோட்டை வீழ்ந்தபின் கழிந்த இவ்வொன்பது ஆண்டுகளுக்குள் ஒரு பெருநிகழ்வு நடந்துவிட்டது. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சென்னைப் படைச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். புதிய தலைப்பாகை, சமயக்குறி அணியத் தடை, காதணி நீக்கம், தாடி மழிப்பு ஆகியன பற்றிய ஆணைகள் உடனடிக் காரணங்களாயின. திப்புவின் மக்கள் அக்கோட்டையில்தான் வைக்கப்பட்டிருந்தனர். கிளர்ந்தவர்கள் மைசூர்க் கொடியைக் கோட்டையில் ஏற்றினர். ஆற்காட்டிலிருந்து விரைந்த கில்லெஸ்பியின் குதிரைப்படை அன்றே கிளர்ச்சியை அடக்கிற்று.

1799-இல் எந்த ஊரிலிருந்து படை மைசூர் மீது புறப்பட்டதோ, அதே ஊரில் ஏழாண்டுக்குப் பின் மைசூர்க் கொடி ஏறிற்று. அதற்கு ஈராண்டுக்குப் பின், புலியைச் சிங்கம் வீழ்த்தும் வெள்ளீய வட்டம் சென்னைச் சிப்பாய்களிடம் வழங்கப்பட்டது. பதக்கம் வேலூருக்கு மறுமொழியாகத் திட்டமிடப்பட்டதன்று. அதன் வடிவமும் அச்சும் முன்னரே உருப்பெற்றவை. ஆயினும் பொருள் என்பது படைத்தவர் கருத்தோடு முடிவதில்லை. பெறும் காலமும் அதனை உருவாக்குகிறது. காதணியையும் நெற்றிக்குறியையும் நீக்கச் சொன்ன அதே நிருவாகம், தான் விரும்பிய அணியை வழங்கியது. சிப்பாயின் உடல்மீது எவ்வடையாளம் இருக்கலாம், எது இருக்கக்கூடாது என்பதே இரண்டிலும் அடிப்படை வினா. பதக்க வரலாற்றையும் வேலூர் வரலாற்றையும் தனித்தனியே பயில்வோர்க்கு இவ்விணைப்பு புலப்படுவதில்லை.

பர்மாப் பதக்கமும் விளிம்பில் ஏறிய பெயரும்

1824–26-ஆம் ஆண்டு முதல் பர்மியப் போரில் சென்னைச் சிப்பாய்களின் பங்கு பெரிது. கடல் கடந்து செல்ல நேர்ந்த அப்போரில் இரங்கூன் மழையும் நோயும் படைக்கலத்தினும் மிகுதியாக உயிர்களைக் கொண்டன. 1824 நவம்பரில் பாரக்பூரில் வங்காளப் படையின் 47-ஆம் பிரிவு புறப்பட மறுத்தது. அம்மறுப்பு குருதி சிந்த ஒடுக்கப்பட்டது. இச்சூழலில் கம்பெனி தன் இந்திய வீரர்க்கு மட்டும் ஒரு பதக்கம் வழங்கிற்று. வெண்யானை சிங்கத்தின் முன் மண்டியிடும் காட்சி ஒரு பக்கம். இரங்கூன் பெரும் பகோடாவைத் தாக்கும் காட்சி மறுபக்கம். இந்திய அதிகாரிகளுக்குப் பொன்முலாம் பூசிய வெள்ளி, மற்றையோர்க்கு வெள்ளி. கடைநிலைச் சென்னைச் சிப்பாயின் உலோகம் வெள்ளீயத்திலிருந்து வெள்ளியாக உயர்ந்தது. ஆனால் விளிம்பு இன்னும் வெறுமையாகவே இருந்தது.

அதே போரில் பங்குகொண்ட பிரிட்டிஷ் வீரர்க்கு அப்போது பதக்கம் இல்லை. 1851-இல் ஒப்புதல் பெற்ற இந்தியப் படைப் பதக்கமே அவர்களுடைய ஏக்கத்தைத் தீர்த்தது. அப்போது உயிரோடிருந்தவர் மட்டுமே அதனைப் பெறலாம். போர்களின் பெயர் தாங்கிய பட்டைகள் நாடாவின்மேல் அமைந்தன. விளிம்பில் பெறுநர் பெயரும் பிரிவும் பொறிக்கப்பட்டன. சிப்பாய் முன்னரே பெற்றார், பெயரின்றிப் பெற்றார். பிரிட்டிஷ் வீரர் கால் நூற்றாண்டு கழித்துப் பெற்றார், பெயரோடு பெற்றார்.

இதற்கிடையில் 1837-இல் கம்பெனி தகுதி விருது ஒன்றை ஏற்படுத்தியது. இந்திய வீரரின் தனிப்பட்ட துணிவைப் போற்றும் இவ்விருது மூன்று வகுப்புகளையுடையது. மூன்றாம் வகுப்புக்கு ஊதியத்தில் மூன்றிலொரு பங்கும், இரண்டாம் வகுப்புக்கு மூன்றிலிரு பங்கும் கூடின. முதல் வகுப்புக்கு ஊதியம் இரட்டிப்பாயிற்று. பெற்றவர் இறந்தால் மனைவிக்கு மூன்றாண்டு ஓய்வூதியம் கிடைத்தது. பிரிட்டனின் விக்டோரியா சிலுவை 1856-இல்தான் தோன்றிற்று. இந்திய வீரர்கள் அதற்குத் தகுதி பெற்றது 1911-இல். ஊதியம் கூட வேண்டுமாயின் பெயர் பதிவாக வேண்டும். எனவே இவ்விருது சிப்பாயைத் தனிமனிதராக ஆவணத்தில் நிறுத்திற்று. 1854-இல் ஏற்பட்ட இந்தியப் பொதுப்பணிப் பதக்கத்தில் இந்திய வீரரின் பெயரும் விளிம்பேறிற்று. 1885–87-ஆம் ஆண்டுப் பர்மியப் போருக்குப் பின் படையைப் பின்தொடர்ந்த சமையலர், நீர் சுமப்போர் முதலிய பணியாளர்க்கும் அப்பதக்கம் வெண்கலத்தில் வழங்கப்பட்டது. பெயர் சமமாயிற்று, உலோக வேறுபாடு தொடர்ந்தது.

சேகரிப்பும் சான்றும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பதக்கச் சேகரிப்பு முறையான துறையாக வளர்ந்தது. இந்திய அலுவலகத்தில் பணியாற்றிய ஜான் ஹார்ஸ்லி மேயோ 1897-இல் வெளியிட்ட இரு தொகுதிகள் அரசு ஆவணங்களை அடிப்படையாகக் கொண்டமையின் இன்றும் பயன்படுகின்றன. 1942-இல் இங்கிலாந்தில் பதக்க ஆய்வுக்கெனத் தனிக் கழகமே தோன்றிற்று. சேகரிப்பாளர்கள் இல்லையேல் இப்பொருள்களுட் பல உருக்கப்பட்டோ சிதைந்தோ மறைந்திருக்கும் என்பதை மறுக்கவியலாது.

ஆனால் சேகரிப்பின் மதிப்பீட்டுமுறை விளிம்பைச் சார்ந்தது. பெயருள்ள பதக்கத்தைப் பெயர்ப்பட்டியலோடு ஒப்பிட்டு உறுதிசெய்யலாம். பெறுநரின் வாழ்க்கையைத் தொடரலாம். விலையும் அதற்கேற்ப உயரும். பெயரற்ற சிப்பாய்ப் பதக்கம் ‘வகை’யின் மாதிரியாகவே விற்கப்படுகிறது. இங்கு மூன்று இடர்கள் உள்ளன. முதலாவது, பழைய அச்சுகளைக் கொண்டு கல்கத்தாவில் பிற்காலத்தில் அடிக்கப்பட்ட படிகள் சந்தையில் உள. பெயரில்லாதபோது மூலத்தையும் படியையும் பிரித்தறிவது எளிதன்று. இரண்டாவது, வெள்ளீயம் மென்மையானது. எளிதில் தேய்ந்து சிதைவது. சீரங்கப்பட்டணப் பதக்கத்துக்கு நாடாவோ வளையமோ வழங்கப்படாமையால் அணிய விரும்பியோர் தாமே துளையிட்டனர். இத்துளையைச் சேகரிப்பாளர் குறையாகக் கருதுவர். வரலாற்றாசிரியர்க்கோ, ஒருவர் அதனை அணிய விரும்பினார் என்பதற்கு எஞ்சிய தடயம் அது. மூன்றாவது, பெயர் இருந்தபோதிலும் ஆங்கில எழுத்தில் சிதைந்த தமிழ்ப் பெயர்கள் தந்தை பெயரோ ஊரோ இன்றி நிற்கின்றன. ஒரே பிரிவில் பல முனிசாமிகள் இருப்பின் எவருடைய பதக்கம் எது எனத் துணிவது அரிது.

இவ்விடர்களுக்குத் தீர்வு பொருளையும் ஆவணத்தையும் இணைத்துப் படிப்பதில் உள்ளது. இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலகப் பதிவுகளில் பதக்கப் பெயர்ப்பட்டியல்கள் உள்ளன. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டம் நூறாண்டு கடந்த கலைப்பொருள்களையும் நாணயங்களையும் தொல்பொருள் என்னும் வரையறைக்குள் கொண்டுவருகிறது. துளை, தேய்மானம், கிடைத்த குடும்பம், ஊர் ஆகியவற்றையும் சேர்த்துப் பதிவுசெய்யும்போதுதான் அத்தகைய பொருள் வரலாற்றுச் சான்றாகும்.

முடிவுரை

கம்பெனியின் பதக்கங்கள் சிப்பாயை மதித்தன. அதே வேளை அவரைப் படிநிலையின் அடியில் நிறுத்தின. பொன்னிலிருந்து வெள்ளீயம் வரை நீண்ட ஏணியில் அவருக்குரிய படி தெளிவாக இருந்தது. அவருக்குரிய பெயர் இடம்பெறவில்லை. பிற்காலச் சந்தை பெயருக்கே விலை வைத்தமையால் முதலில் நேர்ந்த புறக்கணிப்பு இரண்டாம் முறையும் நேர்ந்தது. சென்னைப் படையில் பணியாற்றிய தமிழ், தெலுங்கு, முஸ்லிம் வீரர்கள் தம் அனுபவத்தைத் தாமே எழுதிவைத்தமை அரிது. அவர்கள் கையில் இருந்து இன்று எஞ்சிய மிகச் சில பொருள்களுள் துளையிடப்பட்ட ஒரு வெள்ளீய வட்டமும் ஒன்று. அதன் வெறுமையான விளிம்பும் சான்றெனக் கொள்ளப்படின், சென்னைப் படையின் வரலாறு தளபதிகளின் குறிப்பேடுகளுக்கு அப்பாலும் எழுதப்பட இயலும்.