அரைத்தலில் இருந்து அமைப்பு மாற்றத்திற்கு: பந்து அரைவையின் அறிவியல் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

அரைத்தல் பொருளைச் சிறிதாக்கும் செயல் மட்டுமே என்பது நெடுங்காலக் கருத்து. அது பொருளின் உள்ளமைப்பையும் மாற்றவல்லது என்னும் புரிதல் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அரும்பி, 1966க்குப் பின் உறுதிபெற்றது. வெப்பம் செய்ய இயலாத எதனை மோதல் செய்கின்றது என்னும் வினாவே இவ்வளர்ச்சியை முன்னெடுத்துச் சென்றது என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: பந்து அரைவை, இயந்திரவழி உலோகக் கலப்பு, படிக அமைப்பு, படிக உருவற்ற நிலை, மாசு.

முன்னுரை

பந்து அரைவை எளிய கருவி. மூடிய கலன் ஒன்றில் தூளும் எஃகு அல்லது பீங்கான் பந்துகளும் இடப்படுகின்றன. கலன் சுழலும்போதோ குலுங்கும்போதோ பந்துகளுக்கு இடையில் அகப்படும் தூள் நசுங்குகின்றது. தாது, சிமெண்டு, வண்ணப்பூச்சு ஆகிய தொழில்களில் இதன் பணி துகள்களைச் சிறிதாக்குவதே. ஆய்வகத்தில் இதே கருவி வேறொரு பொருள் பெற்றது.

வெப்பமா, விசையா?

இரசக் கந்தகத் தாதுவைச் செம்புக் கலத்தில் காடியுடன் சேர்த்துச் செம்புக் குழவியால் அரைத்தால் பாதரசம் பிரியும் எனக் கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் பதிவுசெய்துள்ளார். 1820இல் மைக்கேல் பாரடே, வெள்ளிக் குளோரைடைத் துத்தநாகத்துடன் உரலிலிட்டு அரைத்து வெள்ளியைப் பிரித்தார். எனினும், உராய்வில் எழும் வெப்பமே இத்தகைய மாற்றங்களுக்குக் காரணம் எனக் கொள்ள இடமிருந்தது.

அந்த ஐயத்தை நேர்கொண்டவர் அமெரிக்க வேதியியலாளர் கேரி லீ. வெள்ளிக் குளோரைடு சூடேற்றினால் சிதையாமல் உருகும். மெர்க்குரிக் குளோரைடு சிதையாமல் ஆவியாகும். இவ்விரண்டும் உரலில் அரைக்கப்படும்போது சிதைகின்றன என்பதை 1890களில் அவர் காட்டினார். விசையின் விளைவும் வெப்பத்தின் விளைவும் வேறானவை என்பது இதனால் தெளிவாயிற்று.

1966: தொழில்நுட்பத் தேவையின் பங்கு

இவ்வேறுபாடு உலோகவியலில் பயன்பட்டது ஒரு தொழில்நுட்பச் சிக்கலின் வழியாகவே. விமான வளிமச் சுழலிகளுக்கு, மிகுந்த வெப்பத்திலும் வலிமை குன்றாத நிக்கல் கலவை தேவைப்பட்டது. நுண்ணிய ஆக்சைடு துகள்களை உலோகத்துள் சீராகப் பரப்பினால் அவ்வலிமை கிட்டும். உருகிய உலோகத்தில் அத்துகள்கள் பிரிந்து மிதந்துவிடும். தூள்களை வெறுமனே கலப்பதாலோ போதிய நுண்மை கிட்டாது. பன்னாட்டு நிக்கல் நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் பெஞ்சமின் 1966இல் உயராற்றல் பந்து அரைவையால் இதற்குத் தீர்வு கண்டு, 1970இல் முடிவுகளை வெளியிட்டார். இம்முறையே இயந்திரவழி உலோகக் கலப்பு எனப் பெயர் பெற்றது.

பந்துகளுக்கு இடையில் நிகழ்வது

ஒவ்வொரு மோதலிலும் நெகிழ்வான உலோகத் துகள் தட்டையாகின்றது. புதிதாக வெளிப்படும் தூய பரப்புகள் உருகாமலேயே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. தொடர்ந்து அடிபட்டு இறுகிய துகள் பின்னர் முறிகின்றது. ஒட்டுதலும் முறிதலும் மாறிமாறி நிகழ, வெவ்வேறு உலோகங்கள் மெல்லிய அடுக்குகளாகின்றன. அடுக்கிடைவெளி குறையக் குறைய அணுக்கள் கடக்கவேண்டிய தொலைவும் குறைகின்றது. அதே வேளையில் படிகத்துள் அணுவரிசைப் பிறழ்வுகள் பெருகி, சில பட்டைகளில் குவிந்து, படிகத்தைச் சிறுசிறு பகுதிகளாகப் பிரிக்கின்றன. பல உலோகங்களில் இப்பகுதிகள் ஏறத்தாழ 5 முதல் 20 நானோமீட்டர் வரை சிறுத்துவிடுகின்றன. துகளோ மைக்ரோமீட்டர் அளவிலேயே இருக்கலாம். எனவே துகளளவும் படிக அளவும் ஒன்றல்ல.

ஒழுங்கின் சிதைவு

1981இல் சோவியத் ஆய்வாளர் எர்மகோவும் குழுவினரும் இட்ரியம்–கோபால்ட் சேர்மங்களை அரைத்துப் படிக உருவற்ற நிலையைப் பெற்றனர். 1983இல் அமெரிக்காவின் கோச் குழுவினர் நிக்கல், நையோபியம் ஆகிய தனிமத் தூள்களிலிருந்தே அந்நிலையை எட்டினர். உருகிய உலோகத்தை மிக விரைவாகக் குளிர்வித்துப் பெறப்பட்டுவந்த நிலை, உருக்காமலேயே கிடைத்தது. பின்னாளில் இம்முறை பல தனிமங்கள் கலந்த திண்மக் கரைசல்களுக்கும் விரிந்தது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பி. எஸ். மூர்த்தி குழுவினர் 2008இல் வெளியிட்ட உயர் என்ட்ரோபி உலோகக்கலவை ஆய்வு இதற்குச் சான்றாகும்.

சான்றைப் படிக்கும் முறை

எக்ஸ் கதிர் விளிம்பு வளைவில் முகடுகள் அகன்றால் படிகம் சிறுத்தது எனக் கொள்வது 1918இல் ஷெரர் வகுத்த வழி. ஆனால் அரைவையால் எழும் உள்திரிபும் முகடுகளை அகலச் செய்யும். இவ்விரண்டையும் பிரித்தறியும் முறையை வில்லியம்சனும் ஹாலும் 1953இல் அளித்தனர். மாசு இதனினும் பெரிய சிக்கல். பந்துகளிலிருந்து இரும்பும், காற்றிலிருந்து ஆக்சிஜனும் நைட்ரஜனும் தூளில் சேர்கின்றன. டைட்டானியத்தை அரைக்கும்போது தோன்றும் முகமைய கனசதுர அமைப்பு, உலோகத்தின் புதிய வடிவம் போலத் தோன்றினும், பல நேர்வுகளில் உட்புகுந்த இவ்வாயுக்களின் விளைவே என அறியப்பட்டுள்ளது.

முடிவுரை

விசையின் விளைவை வெப்பத்தின் விளைவிலிருந்து பிரித்தறிந்தபோது இத்துறை பிறந்தது. அமைப்பு மாற்றத்தை மாசின் விளைவிலிருந்து பிரித்தறிவதே இன்று அதன் நம்பகத்தன்மையைக் காக்கும். ஆகவே அரைவை நேரத்தையும் வேகத்தையும் போலவே, பந்தின் பொருள், கலனுள் நிலவிய வளிமம், அரைத்த பின் தூளின் வேதியியல் பகுப்பாய்வு ஆகியவற்றையும் ஆய்வேடுகள் பதிவுசெய்தல் வேண்டும். அவை இன்றி அறிவிக்கப்படும் புதிய அமைப்பு, கலனும் காற்றும் தந்ததாகவும் இருக்கக்கூடும்.