சால: இரண்டு ஊர், ஒரு சொல்

ராஜபாளையத்தில் தெலுங்கு பேசும் வீடுகளில் சாப்பாடு பிடித்துப்போனால் ‘சாலா பாகுந்தி’ என்பார்கள். ரொம்ப நன்றாக இருக்கிறது என்று பொருள். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூர். அவ்வூர் ஆண்டாள், திருப்பாவையின் 26ஆம் பாசுரத்தில் பறை கேட்கும்போது, ‘பெரும்’ என்று சொல்வது போதாமல் அதற்கு முன்னால் ‘சால’வையும் வைக்கிறாள்.

இரண்டும் உறவுச் சொற்கள். வேர் ‘சால்’: நிறைதல், மிகுதல். சால்பும் சான்றோரும் இதில் கிளைத்தவையே. குணம் நிறைந்தவர் சான்றோர். பெயருக்கும் வினைக்கும் முன் நின்று மிகுதி காட்டும் உரிச்சொற்கள் என நன்னூல் ஆறைச் சொல்கிறது: சால, உறு, தவ, நனி, கூர், கழி.

தெலுங்கில் அன்றாடப் பேச்சாக நிலைத்த சொல், தமிழில் ‘சாலச் சிறந்தது’ என்று மேடையோடு நின்றுவிட்டது. வீட்டுப் பேச்சில் அதன் இடத்தைப் பிடித்தது ‘ரொம்ப’. அது ‘நிரம்ப’ என்பதன் திரிபு. அதற்கும் நிறைவுதான் பொருள். ஆங்கில ‘வெரி’யின் கதை வேறு: ‘உண்மையான’ என்ற பொருளுள்ள பழைய பிரெஞ்சுச் சொல் அதன் மூலம். அவர்கள் மெய்யைச் சொல்லி அழுத்தினார்கள். நாம் நிறைத்துச் சொல்கிறோம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ரொம்ப இனிப்பு என்றால், வாய் நிரம்ப இனிப்பு.