ஒரு றாத்தல் பாண்: நம் மேசைக்கு வந்த கதை

இப்னு பதூதா 1344இல் இலங்கைக்கு வந்தது நம் எல்லோருக்கும் தெரியும். புத்தளத்தில் கரையிறங்கியது, ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தது, பாவா ஆதம் மலை ஏறியது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் அவருடைய பயண நூலில் நாம் கவனிக்காமல் கடந்துவிடும் ஒரு முறைப்பாடு இருக்கிறது. அது சாப்பாடு பற்றியது.

மொரோக்கோவின் தஞ்ஜாவில் பிறந்தவர் அவர். கோதுமை ரொட்டியில் வளர்ந்த மனிதர். இந்தியாவின் மேற்குக் கரையிலுள்ள ஹொனாவர் சுல்தானிடம் தங்கியிருந்த 11 மாதமும் ரொட்டியே சாப்பிடவில்லை என்று எழுதுகிறார். மாலைதீவு, இலங்கை, சோழமண்டலக் கரை, மலபார் என்று 3 வருடம் சோறு மட்டுமே தின்று, கடைசியில் தண்ணீர் குடித்துக் குடித்துத்தான் அதை விழுங்க முடிந்தது என்கிறார். சுல்தான்களின் விருந்தாளி. எதற்கும் குறைவில்லை. ஆனாலும் ஊர்ச் சாப்பாட்டுக்கு மனம் ஏங்கியது.

அவருக்கு ஏறத்தாழ 160 வருடங்களுக்குப் பிறகு, இதே ஏக்கத்தோடு இன்னொரு கூட்டம் இந்தக் கடலுக்கு வந்தது. அவர்கள் விருந்தாளிகளாக வரவில்லை. பீரங்கியோடு வந்தார்கள்.

1505இல் போர்த்துக்கேயர் இலங்கைக் கரையைத் தொட்டார்கள். கறுவாவும் மிளகும் தேடி வந்தவர்களுக்கு இங்கே எல்லாம் கிடைத்தது, பாண் மட்டும் கிடைக்கவில்லை. அவர்களுக்குப் பாண் வெறும் பசி தீர்க்கும் பொருளல்ல. அவர்களுடைய தேவாலயத்துப் பூசைக்கும் கோதுமை அப்பம் வேண்டும். ஆகவே கோட்டை எழுந்த இடத்திலெல்லாம் போறணையும் எழுந்தது.

ஆசியாவின் வெப்பமான, ஈரமான கரையோரத்தில் ஐரோப்பியப் பாண் செய்வது இலகுவான வேலையல்ல. முதல் சிக்கல் கோதுமை. அது பயிராகும் காலத்தில் குளிர்ச்சி வேண்டும். நம் நாட்டில் அது விளையாது, கப்பலில்தான் வந்தாக வேண்டும். அரிசி மாவைக் கொண்டு ஈடுகட்டவும் முடியாது. கோதுமை மாவைப் பிசையும்போது வரும் இழுவைதான் காற்றைப் பிடித்து வைத்துப் பாணை உப்ப வைக்கிறது. அரிசி மாவில் அந்த இழுவை இல்லை.

இரண்டாவது சிக்கல் மாவைப் புளிக்க வைப்பது. கோவாவில் போர்த்துக்கேயரின் பாணைச் சுட்டவர்கள் இதற்குத் தென்னங்கள்ளைப் பயன்படுத்தினார்கள். அங்கே பாண் சுடுபவரை இன்றும் ‘பொதேர்’ என்றுதான் அழைக்கிறார்கள். அதுவும் போர்த்துக்கேயச் சொல்லின் வழி வந்ததே. நம் நாட்டிலும் அப்பத்துக்குக் கள்ளு ஊற்றிப் புளிக்க வைக்கும் பழக்கம் இருந்ததை அறிவோம். ஆக, பாண் ஐரோப்பாவுடையது, அதை உப்ப வைத்ததோ தென்னை மரம்.

மூன்றாவது சிக்கல் காலநிலை. ஐரோப்பாவின் குளிரில் மா மெதுவாகப் புளித்துச் சுவை பிடிக்கும். இங்கே சூட்டில் அவசரமாகப் பொங்கிவிடும். பேக்கரிக்காரர்கள் இரவிரவாக வேலை செய்வதற்கு, விடியலில் பாண் வேண்டும் என்பது மட்டுமல்ல, இரவின் குளிர்ச்சியும் ஒரு காரணம். சுட்டெடுத்த பிறகும் நம் காற்றிலுள்ள ஈரம் அதன் மேற்றோலைச் சில மணி நேரத்திலேயே தளர்த்திவிடும். பழைய செங்கல் போறணையில் விறகை உள்ளேயே எரித்து, தணலை வெளியே தள்ளி, செங்கல் பிடித்து வைத்த சூட்டிலேயே பாணை வேக வைப்பார்கள். தட்டையாக, மொறுமொறுவென்று தோல் பிடித்து வரும் நம் ரோஸ் பாணின் ருசி அந்தச் சூட்டின் ருசி.

இந்தக் கதை இலங்கையில் மட்டும் நடந்ததல்ல. போர்த்துக்கேயர் 1543இல் ஜப்பானை அடைந்தார்கள். 1639இல் அங்கிருந்து துரத்தப்பட்டார்கள். ஆனால் அவர்கள் விட்டுப்போன ‘பான்’ என்ற சொல் ஜப்பானிய மொழியில் தங்கிவிட்டது. அங்கிருந்து கொரியாவுக்கும் போனது. 1874இல் கிமுரா யசுபே என்ற ஜப்பானியர், அரிசியிலிருந்து எடுத்த நொதியால் மாவைப் புளிக்க வைத்து, உள்ளே இனிப்புப் பயற்றங்களியை வைத்து ஒரு பணிஸ் செய்தார். மறுவருடமே அது ஜப்பானியப் பேரரசரின் மேசைக்குப் போனது. வியட்நாமில் பிரெஞ்சுக்காரரின் பாணை முதலில் ‘மேற்கத்தியப் பலகாரம்’ என்ற பொருளில் ‘பான் தை’ என்றார்கள். பிறகு ‘கோதுமைப் பலகாரம்’ என்ற பொருளில் ‘பான் மீ’ என்றார்கள். மேற்கு என்ற சொல் மெதுவாக உதிர்ந்துவிட்டது. கவனியுங்கள், ஒரு பொருள் எப்போது நமதாகிறது என்பதை அந்த உதிர்ந்துபோன சொல்லே சொல்லிவிடுகிறது.

நம்மிடமும் அதுதான் நடந்தது. தமிழ்நாட்டில் போய் ‘பாண்’ என்று கேட்டால் கடைக்காரர் விழிப்பார். அது இலங்கைத் தமிழின் சொல். ‘பௌ(ங்)’ என்று போர்த்துக்கேயர் மூக்கால் சொன்னது சிங்களத்திலும் தமிழிலும் பாண் ஆனது. ‘ஃபோர்னு’ போறணை ஆனது. நம் வீட்டுக் குசினி, மேசை, அலுமாரி, ஜன்னல், வகுப்பறையில் பிள்ளைகள் அமரும் வாங்கு, எல்லாமே அந்தக் கப்பலில் வந்த சொற்கள்தாம்.

கடையில் நாம் ‘ஒரு றாத்தல் பாண்’ கேட்கிறோமே, அந்த றாத்தல் எங்கிருந்து வந்தது? அரபியில் ‘ரத்ல்’ என்பது ஒரு நிறை அளவு. ஸ்பெயினும் போர்த்துக்கலும் பல நூற்றாண்டுகள் முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்ததால், போர்த்துக்கேயரும் அதையே ‘அறாத்தெல்’ என்று எடுத்துக்கொண்டார்கள். நமக்கு அரபு வணிகர் வழியாக வந்திருந்தாலும் சரி, போர்த்துக்கேயர் வழியாக வந்திருந்தாலும் சரி, வேர் அரபியே. பிறகு பிரித்தானியர் அதன் அளவைத் தங்கள் பவுணுக்குச் சமமாக்கினார்கள். ஒரு என்ற தமிழ், றாத்தல் என்ற அரபு, பாண் என்ற போர்த்துக்கேயம். நாம் தினமும் கடையில் சொல்லும் மூன்று சொல்லில் மூன்று கரைகள் இருக்கின்றன.

இந்த இடத்தில் நம் சமூகம் மறக்கக்கூடாத இன்னொரு பக்கமும் உண்டு. பாணைக் கொண்டுவந்த அதே போர்த்துக்கேயர்தான் நம் முன்னோரை ‘மூர்கள்’ என்று பெயரிட்டுப் பகைத்தவர்கள். தங்கள் நாட்டில் முஸ்லிம்களோடு நடத்திய பழைய போரின் நினைவை அவர்கள் இந்தக் கரைக்கும் சுமந்து வந்தார்கள். 1626இல் தங்கள் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். அப்போது நம்மவர்க்கு இடம் கொடுத்து, கிழக்கில் குடியமர்த்தியவர் கண்டி மன்னர் செனரத். ஒரு கை துரத்தியது, இன்னொரு கை ஏற்றுக்கொண்டது. துரத்தியவர்கள் 1656இல் கொழும்பை ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். அவர்கள் போனார்கள், பாண் இருந்தது.

ஒல்லாந்தர் தங்கள் பங்குக்கு ‘புரூடர்’ என்ற இனிப்புப் பாணைக் கொண்டுவந்தார்கள். பறங்கியர் வீடுகளில் நத்தாருக்கு அது இன்றும் உண்டு. மலாக்காவிலும் கொச்சியிலும் அதே பெயர் சிறு மாற்றத்தோடு வழங்குகிறது. பிரித்தானியர் காலத்தில் நகரங்களில் பேக்கரிகள் பெருகின. பெரேரா அன் சன்ஸ் 1902இல் தொடங்கியது. ஆனாலும் பாண் அப்போது நகரத்தவரின் சாப்பாடு. கிராமத்தில் சோறும் பிட்டும் ரொட்டியும்தான்.

கிராமத்துக்குப் பாணைக் கொண்டுவந்தது ஒரு பஞ்சம். இலங்கை அந்நாளில் தன் அரிசியில் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தே எடுத்தது. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்ததும் அந்த அரிசி நின்றுபோனது. அரிசிக்குக் கூப்பன் வந்தது, கூடவே கோதுமை மாவும் வந்தது. சோறில்லாத குறையை அந்த மா நிரப்பியது. யுத்தம் முடிந்த பிறகும் பழக்கம் போகவில்லை. பின்னர் அமெரிக்க உதவி மா வந்தது. பாடசாலைகளில் பிள்ளைகளுக்குப் பணிஸ் பகிர்ந்த காலம் வந்தது. 1970களில் உணவுத் தட்டுப்பாட்டின்போது விடியுமுன்னே எழும்பிப் பாணுக்கு வரிசையில் நின்ற கதையை நம் மூத்தோரிடம் கேட்டால் சொல்வார்கள். அதன் பிறகு திருகோணமலை சீனக்குடாவில் பிரீமா ஆலை வந்தது. மாவாக வந்த கோதுமை, தானியமாக வந்து இங்கேயே அரைபடத் தொடங்கியது.

ஆனாலும் கோதுமை இன்றும் கப்பலில்தான் வருகிறது. 2022இல் டொலரும் இல்லாமல், எரிவாயுவும் இல்லாமல், தூரத்து யுக்ரேனில் போரும் மூண்டபோது நம் ஊர்ப் போறணைகளும் அணைந்ததை நாம் கண்ணால் பார்த்தோம். கூலி வேலைக்குப் போகிறவருக்குக் காலையில் அரை றாத்தல் பாணும் சம்பலும்தான் சாப்பாடு. பாணின் விலை ஏறினால் முதலில் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போவது அவர்தான். தனக்கு விளையாத தானியத்தைத் தினச் சாப்பாடாக்கிக்கொண்ட ஒரு நாடு, தூரத்துப் போர்களுக்கும் சேர்த்து விலை கொடுக்கிறது.

இந்த வரலாற்றில் நாம் முக்கியமாகக் கருதுவது ஒன்றுண்டு. சோறு நம் வீட்டு அடுப்பில் வேகும். ரொட்டியை உம்மா சுடுவார். பாணை மட்டும் நாம் வீட்டில் செய்வதில்லை. அது எப்போதும் இன்னொருவரின் கையால் வருகிறது. அன்று போர்த்துக்கேய அதிகாரிக்கும் அப்படித்தான், இன்று நமக்கும் அப்படித்தான். சிங்களவரின் பேக்கரியில் சுட்ட பாணை முஸ்லிம் கடையில் பருப்புக் கறியோடு தமிழர் சாப்பிடுகிறார். முஸ்லிம் பேக்கரியின் மாலு பாணைச் சிங்களப் பிள்ளை பாடசாலைக்குக் கொண்டு போகிறது. யாரென்று தெரியாத கையை நம்பித்தான் நாம் தினமும் பாண் தின்கிறோம்.

அந்த நம்பிக்கை உடைந்தால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்தோம். 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில், ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையின் கறியில் கருத்தடை மருந்து கலந்திருக்கிறது என்று கதை கட்டினார்கள். கடையை அடித்தார்கள், பள்ளிவாசலையும் தாக்கினார்கள். பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் சோதித்துச் சொன்னார்: மருந்து எதுவுமில்லை, அது மாக்கட்டி. போர்த்துக்கேயர் காலத்திலிருந்து நாம் எல்லோரும் சேர்ந்து பிசைந்து வந்த அதே கோதுமை மா. அதைக் காட்டித்தான் நம்மை அந்நியர் என்றார்கள்.

யார் அந்நியர் என்ற கேள்வி வரும்போதெல்லாம் பாணை நினைத்துக்கொள்ளலாம். பெயரும் வெளியிலிருந்து வந்தது, தானியமும் வெளியிலிருந்து வருகிறது. ஆனாலும் அதை இந்த நாட்டில் எவரும் அந்நியமென்று சொல்வதில்லை. தினமும் பகிர்ந்து உண்டதால் அது நமதானது. அப்படியிருக்க, இந்த மண்ணில் பல நூற்றாண்டுகளாக உழுதும் மீன்பிடித்தும் வணிகம் செய்தும் படிப்பித்தும் வாழும் மனிதரை எப்படி அந்நியர் என்பது?

இன்று அறுகம்பையிலும் வெலிகமவிலும் தங்கும் வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊர்ப் புளிமாப் பாணைத் தேடுகிறார்கள். அதே நேரம் தோஹாவிலும் ஜித்தாவிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகள், வெள்ளிக்கிழமை லீவில் ரோஸ் பாணும் மாலு பாணும் விற்கும் இலங்கைக் கடையைத் தேடி அலைகிறார்கள். பக்கத்திலேயே சூடான அரபு ரொட்டி இருக்கிறது. இப்னு பதூதா ஏங்கிய கோதுமை ரொட்டி அவர்களுக்குத் தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் அவர்களுக்கு வேண்டியது அதுவல்ல. போர்த்துக்கேயர் தங்கள் ஊரை நினைத்துச் சுட வைத்த பாண், இப்போது நம் பிள்ளைகளுக்கு நம் ஊரின் நினைவாகிவிட்டது.

உறவுகளிடம் ஒரு வேண்டுகோள். நம் ஊர்களின் பேக்கரி வரலாறு இன்னும் எழுதப்படவில்லை. உங்கள் ஊரில் முதல் போறணை யார் வீட்டு வளவில் கட்டப்பட்டது, பாஸ் எங்கிருந்து வந்தார், எந்த விறகு எரித்தார்கள், சைக்கிள் பெட்டியில் பாண் கொண்டுவந்தவர் யார், முதல் ‘சூன் பாண்’ ஓட்டோ எப்போது பாட்டோடு உங்கள் ஒழுங்கைக்குள் வந்தது? வாப்பாவிடமும் மூத்தம்மாவிடமும் கேட்டுக் கீழே எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்வோம்.