ஒளி வலையில் விழுந்த விரல்

1972. அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் உருவான பிளேட்டோ 4 என்ற கணினிவழிக் கல்வி அமைப்பில், மாணவர் சரியான விடையைத் திரையிலேயே விரலால் தொட்டுக் காட்டலாம். ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்த அந்தத் தட்டையான பிளாஸ்மா திரைக்குத் தொடுகை தெரியாது. அதை அறிந்தது, திரையைச் சுற்றிய சட்டத்திலிருந்து வந்த அகச்சிவப்பு ஒளி.

ஏற்பாடு எளிமையானது, அதனாலேயே அழகானது. ஒரு பக்கம் விளக்குகள், எதிர்ப்பக்கம் ஒளி உணரிகள். தறியின் பாவும் ஊடையும் போலக் கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் திரைமேல் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். விரல் வைத்தால் கிடைக்கதிர் ஒன்றும் செங்குத்துக் கதிர் ஒன்றும் மறைபடும். இரண்டும் வெட்டிக்கொள்ளும் புள்ளியே தொட்ட இடம். 16-க்கு 16 என்று மொத்தம் 256 கட்டங்கள்தான். ஆனாலும் விசைப்பலகையில் எழுத்துத் தேடத் தெரியாத சிறு பிள்ளைகூடக் கணினிக்குப் பதில் சொல்ல முடிந்ததே, அதுதான் பெரிய சாதனை.

1983-ல் ஹெவ்லட் பேக்கர்ட் நிறுவனத்தின் ஹெச்பி-150 கணினி இந்த முறையை அலுவலக மேசைக்குக் கொண்டுவந்தது. 9 அங்குலத் திரையைச் சுற்றிய சட்டத்தில் சின்னச் சின்னத் துளைகள். கீழ்வரிசைத் துளைகளில் தூசு அடைந்தால் தொடுதிரை நின்றுவிடும். தூசியை உறிஞ்சி எடுக்க வேண்டும்.

2005-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஜெஃப் ஹான் வேறு வழியில் போனார். அக்ரிலிக் பலகைக்குள் ஒளியைச் செலுத்தி, முழு அக எதிரொளிப்பால் அங்கேயே நிறுத்தினார். விரல் பட்ட இடத்தில் சிதறி வெளியேறிய ஒளியைப் பின்னாலிருந்த கேமரா பிடித்தது. இதனால் பல விரல்களை ஒரே நேரத்தில் அறிய முடிந்தது.

2011-ல் வந்த கிண்டில் டச் என்ற மின்னூல் கருவி பழைய கதிர்வலைக்கே திரும்பியது. மின்தாள் திரைமேல் தொடுபடலம் ஒட்டினால் எழுத்தின் தெளிவு குறையும். ஓரத்துக் கதிர்களுக்கு அந்தக் குறை இல்லை.