பிரஸ் கிட்

பிரஸ் கிட் என்பது ஒரு நிறுவனம், பொருள் அல்லது விழாவைப் பற்றிச் செய்தியாளர்களுக்குக் கொடுக்க முன்கூட்டியே சேர்த்து வைக்கும் தகவல் கட்டு. செய்திக் குறிப்பு, சுருக்க வரலாறு, ஆண்டும் அளவும் அடங்கிய ஒரு பக்கத் தகவல் தாள், அச்சிடத் தக்க புகைப்படங்கள், கேட்டால் பதில் சொல்லும் பொறுப்பாளரின் பெயர், கைபேசி எண் ஆகியவை அதில் இருக்கும். ஒரு காலத்தில் செய்தியாளர் கூட்டத்தில் உறையில் போட்டுக் கொடுத்தார்கள். இன்று பெரும்பாலும் மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் போகிறது. விளம்பர இடத்தைக் காசு கொடுத்து வாங்கலாம், செய்தி இடத்தை அப்படி வாங்கக் கூடாது. ஆகவே நிருபர் நம்பி எடுத்தாளக்கூடிய விவரமே இந்தக் கட்டின் உயிர்.

தோற்றம்

1906 அக்டோபர் 28 அன்று அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் ரயில் ஒன்று பாலத்திலிருந்து நீரில் விழுந்தது. பென்சில்வேனியா ரயில்வேக்காக மக்கள் தொடர்பாளர் ஐவி லீ அப்போது வெளியிட்ட அறிக்கையை முதல் செய்திக் குறிப்பாகப் பலரும் குறிப்பிடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் இந்தக் கலை சினிமாவோடு வளர்ந்தது. எம்.ஜி.ஆர். தயாரித்து இயக்கிய ‘நாடோடி மன்னன்’ (1958) படத்துக்குச் செய்தித் தொடர்பைக் கவனித்த ‘பிலிம் நியூஸ்’ ஆனந்தன், தமிழ்த் திரையுலகின் முதல் பி.ஆர்.ஓ. (மக்கள் தொடர்பு அலுவலர்) எனப் போற்றப்படுகிறார். ஸ்டில்களையும் படத் தகவல்களையும் பத்திரிகைகளுக்குக் கொடுத்ததோடு, அவற்றைத் தம்மிடமும் பத்திரப்படுத்தினார். அந்தச் சேகரிப்பைத் தமிழக அரசே பின்னர் வாங்கியது. அன்றைய தேவைக்காகத் திரட்டிய விவரம் துல்லியமாக இருந்ததால், தமிழ் சினிமா வரலாற்றை எழுதுவோருக்கு அது ஆதாரமாயிற்று.

திருவண்ணாமலையில்

திருவண்ணாமலைக் கோயிலையும் மலையையும் பற்றிய தகவல் தாளை எடுத்துக்கொள்வோம். 11 நிலை, 217 அடி உயர ராஜகோபுரம். 2,668 அடி உயர மலை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை. மாலை 6 மணிக்கு மகாதீபம். ஒவ்வொரு கார்த்திகைக்கும் எல்லா நாளிதழ்களிலும் வரும் விவரங்கள் இவை. ஆனால் தீபக் கொப்பரைக்குப் போகும் நெய்யின் எடையும் திரிக்கான காடாத் துணியின் நீளமும் ஆண்டுக்கு ஆண்டு மாறுபவை. மாறாத விவரத்தையும் மாறும் விவரத்தையும் பிரித்து எழுதி, மாறுவனவற்றின் பக்கத்தில் தேதி போட வேண்டும். தேதியில்லாத தகவல் தாள் அடுத்த ஆண்டே தப்பான செய்திக்கு இடம்கொடுக்கும்.

2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். டிசம்பர் 13 தீபத்துக்கு மலையேறப் பக்தர்களுக்கு அனுமதி இல்லை. பழைய குறிப்பை எடுத்து அனுப்ப முடியாத ஆண்டு அது. மலை, பாதை, கூட்டம் பற்றிய தகவலைத் தன் கட்டில் வைத்திருக்கும் விடுதியோ பயண நிறுவனமோ அத்தகைய நாளில் முதலில் செய்ய வேண்டியது அதைத் திருத்துவதுதான். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் பழைய தகவலைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

பெயரும் உரிமையும்

திருவண்ணாமலை மாவட்டத்துக் கடைக்காரர்கள் மிகுந்த கவனம் வைக்க வேண்டிய இடம் இது. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. 1999-இல் இயற்றப்பட்டு 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறையில் உள்ள புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்படி, பதிவு செய்த உரிமையாளரும் பதிவு பெற்ற பயனாளர்களுமே குறியீட்டைப் பயன்படுத்தும் உரிமை உள்ளவர்கள். பதிவகம் சென்னையில் இருக்கிறது. விசைத்தறிச் சேலைக்கு ‘ஆரணிப் பட்டு’ என்று குறிப்பு எழுதி அனுப்புவது, கைத்தறி நெசவாளரின் பிழைப்பில் கைவைப்பது. சேலை எந்தத் தறியில் நெய்தது, ஜரிகை எத்தகையது, நெய்ய எத்தனை நாள் ஆனது என்று எழுதினாலே நிருபருக்குக் கதை கிடைத்துவிடும். ‘உலகத் தரம்’ என்ற சொல் தேவைப்படாது.

மூலிகை, சித்த மருந்து விற்பவர்களுக்கு 1954-ஆம் ஆண்டின் ஆட்சேபத்துக்குரிய மருந்து விளம்பரச் சட்டம் இருக்கிறது. நீரிழிவு, புற்றுநோய் போன்ற பட்டியலிட்ட நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை அது தடுக்கிறது. சுற்றறிக்கையும் பிற ஆவணங்களும்கூட அச்சட்டத்தின் பார்வையில் விளம்பரமே. செய்திக் குறிப்பு என்று தலைப்புப் போட்டுத் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

படங்களுக்கு வருவோம். ரமண மகரிஷியின் புகழ்பெற்ற முகப்படம் 1946-இல் ஜி.ஜி. வெல்லிங் எடுத்தது, பல ஆண்டுகளாக அது அவர் பெயராலேயே அறியப்படுகிறது. தொகுப்பில் வைக்கும் ஒவ்வொரு படத்துக்கும் எடுத்தவர் பெயர், நாள், இடம், வெளியிட அனுமதி ஆகியவை எழுதியிருக்க வேண்டும். மகரிஷியின் படத்தையோ கோயில் கோபுரத்தையோ முன்னட்டையில் போட்டு, ஆசிரமத்துக்கும் கோயிலுக்கும் தன் விடுதிக்கும் தொடர்பு உண்டு என்ற எண்ணத்தை உண்டாக்குவது நாணயமற்ற செயல்.

அனுப்பும் முறை

தமிழில் ஒரு பிரதி, ஆங்கிலத்தில் ஒரு பிரதி. ஆங்கிலத்தில் எழுதியதை அப்படியே மாற்றாமல், தமிழ்ப் பிரதியைத் தனியே எழுத வேண்டும்; தினத்தந்தி, தினமணி, இந்து தமிழ் திசை படிப்பவர் கேட்கும் கேள்வியும் வெளிநாட்டுப் பயணி கேட்கும் கேள்வியும் ஒன்றல்ல. படங்களைப் பெரிய அளவிலேயே தர வேண்டும், வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். கார்த்திகை தீப வாரத்திலும் சித்ரா பௌர்ணமியிலும் உள்ளூர் நிருபர்களின் கவனம் முழுக்கக் கோயில் பக்கமே இருக்கும். கடைத் திறப்பு, புதுப் பொருள் அறிமுகம் போன்றவற்றை அந்த நாட்களுக்கு முன்போ பின்போ வைத்துக்கொள்வது நல்லது. அனுப்பியபின், கொடுத்த எண்ணில் அழைத்தால் எடுக்க ஆள் இருக்க வேண்டும்.